சாம்பல் பூசிய சாட்சி

அத்தியாயம் 14

பொன்னம்மாளை இந்த வாரம்தான் முதல்முறையாகப் பார்க்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம். முகம் முழுக்கச் சாம்பல், தோளில் கிழிந்த கோணி, கழுத்தில் தொங்கும் நீச்சல் கண்ணாடி என்று அவள் நிற்பது, உலகம் அழிந்து நாற்பது வருடம் கழித்து. அதாவது, ஜ்யோத்ஸ்னா எடுக்கும் படத்தில்.

நிஜத்தில் அவளுடைய உலகம் அழிந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஜூன் மாதத்தில் ஒருநாள் காலையில் மூன்று புல்டோசர்கள் வந்தன. தில்லியில் அவள் இருந்த வாய்க்கால் கரைக் குடியிருப்பின் முந்நூற்றுச் சொச்சம் வீடுகளை மத்தியானச் சாப்பாட்டுக்குள் தரைமட்டமாக்கிவிட்டுப் போயின. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் இருபத்திரண்டு வருடம் பொன்னம்மாள் குடியிருந்த வீடும் அதில் போயிற்று. புருஷன் கருப்பசாமி அன்றைக்குக் கடப்பாறையோடு வாசலை மறித்து நின்றான். நாலு பேர் சேர்ந்து அவனை இழுத்துப்போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவன் அதிகம் பேசுவதில்லை.

தகுதியுள்ளவர்களுக்கு ஊர்க்கோடியில் நரேலாவில் ஆளுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். பொன்னம்மாளுக்கு இல்லை. ஏனென்றால், அவள் அந்தக் குடியிருப்பில் குடியிருக்கவே இல்லையாம்! ஆதார், ஓட்டு அட்டை, பாங்க் புத்தகம் எல்லாவற்றிலும் லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் முகவரி அல்லவா இருக்கிறது?

அது பத்மநாபன் சார் முன்பு இருந்த வீட்டு முகவரி. பொன்னம்மாள் பதினேழு வருடமாக வீட்டு வேலை செய்வது அவர் குடும்பத்துக்குத்தான். வாய்க்கால் கரைச் சந்துக்குள் தபால்காரர் நுழைய மாட்டார். முனை டீக்கடையில் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போவார். பாதி கடிதம் பகோடா மடிக்கப் போய்விடும். "எங்க அட்ரஸைக் கொடுத்துக்கோயேன், பத்திரமா வந்து சேரும்" என்றார் சார். மத்திய சர்க்கார் அதிகாரியாயிற்றே, அதோடு விடவில்லை. 'இவர்கள் என் குவார்ட்டர்ஸின் பின்கட்டில் வசிக்கிறார்கள்' என்று பச்சை மையில் ஒரு சான்றிதழ் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தார்.

அன்றைக்குப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தலைகால் புரியவில்லை. குடியிருப்பில் வேறு யார் அட்டையில் இப்படி ஒரு விலாசம் இருக்கிறது? அக்கம்பக்கமெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார்கள். வினையைக் கை நீட்டி வாங்கி, அதற்குப் பிளாஸ்டிக் உறையும் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

இடிப்பதற்கு முன் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வந்த நாளில் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வந்தவர்கள் கதவில் சிவப்புப் பெயிண்டால் 214 என்று எழுதினார்கள். பதிவேட்டில் 'பூட்டியிருந்தது' என்று எழுதினார்கள். பெயர் எதுவும் எழுதவில்லை.

இன்றைக்கு மேல்முறையீட்டு விசாரணை. 214 எங்கள் வீடுதான் என்று நிரூபித்தால் நரேலாவில் அறை. இல்லாவிட்டால் மேம்பாலத்தடியில் கட்டியிருக்கிற நீலத் தார்ப்பாய்தான் கதி. தில்லிக் குளிர் ஆரம்பித்துவிட்டது. அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் கல்லூரிக்குப் போகிற பெண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள் படுப்பது?

அக்கம்பக்கத்தாரின் வாய்ச்சொல் செல்லாதாம். அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு சாட்சி. அது ஜ்யோத்ஸ்னாவிடம் இருந்தது.

ஜ்யோத்ஸ்னா, பத்மநாபன் சாரின் ஒரே பெண். எட்டு வயதிலிருந்து பொன்னம்மாள் கையால் சோறு தின்று வளர்ந்த குழந்தை. இருபத்தைந்து வயதில், இருக்கிற சேமிப்பையும் சினேகிதர்களின் சேமிப்பையும் போட்டு ஒரு படம் எடுக்கக் கிளம்பியிருக்கிறாள். ஏப்ரல் மாதம், சந்து இன்னும் சந்தாக இருந்தபோது, இடம் பார்க்கக் காமிராவோடு வந்தாள். "சும்மா கதவைத் திறந்து வெளியே வாங்க பொன்னம்மா, டெஸ்ட் ஷாட்" என்றாள். பொன்னம்மாளும் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தாள். ஒரு நிமிடக் காட்சி. கதவில் 214 பளிச்சென்று தெரியும்.

அதைத்தான் இன்று காலை பென் டிரைவில் போட்டுத் தருவதாக ஜ்யோத்ஸ்னா சொல்லியிருந்தாள்.

* * *

"பாப்பா, மணி ஒம்பதரை ஆச்சு. அந்தக் குச்சியக் குடுத்திருங்க, நான் கெளம்புதேன்."

"அச்சா அச்சா, தரேன் பொன்னம்மா. ஒரே ஒரு ஷாட். லைட் இப்ப சூப்பரா இருக்கு."

லைட் என்று அவள் சொன்னது புகையை. நவம்பர் மாதத்துத் தில்லியில் அழிந்துபோன உலகத்தைக் காட்டப் புகை மெஷின் எதற்கு? வானம் சாயம் போன பழுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. செட் போடும் செலவும் கிடையாது. புல்டோசர் போட்டுக் கொடுத்துவிட்டது. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் காங்கிரீட் துண்டுகள், பாதிச் சுவர், அதில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருந்த யார் வீட்டு முருகன் காலண்டரோ. காமிரா ஒன்று, அதுவும் வாடகை. யூனிட்டில் மொத்தம் ஏழு பேர். மேக்கப், உடை, டீ, டிரைவர் எல்லாம் இஸ்மாயில் ஒருவரே. தாபாவின் தந்தூரி அடுப்பிலிருந்து ஒரு மூட்டை சாம்பல் அள்ளி வந்து, தேங்காயெண்ணெயில் குழைத்து வைத்திருந்தார். அதுதான் மேக்கப்.

படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கதை இதுதான்: காற்று கெட்டு, தண்ணீர் வற்றி, தில்லியில் பதினொரு பேர் மிச்சமிருக்கிறார்கள். அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேர் நிஜமாகவே இதே இடத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள். மத்தியானம் பிரியாணி உண்டு என்று சொன்னதும் வந்துவிட்டார்கள். நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள். 'ஆக்‌ஷன்' என்றதும் சிரிப்பு நின்றுவிடும். ஜ்யோத்ஸ்னா அதைப் பெரிய நடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொன்னம்மாளுக்கு வேடம், இல்லாத வீட்டைத் தினமும் பெருக்கும் பைத்தியக்காரி.

"நீங்க எப்படிப் பண்ணுவீங்களோ, அப்படியே பண்ணுங்க" என்றாள் ஜ்யோத்ஸ்னா. "ஒண்ணும் ஆக்ட் பண்ண வேண்டாம்."

பொன்னம்மாள் துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். தன் வீட்டு வாசல் இருந்த இடத்தில் தொடங்கினாள். அடுப்படி மூலையில் குனிந்து குப்பையை வெளியே தள்ளினாள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் பெருக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

"கட்! ஓ மை காட். பொன்னம்மா, அந்த எடத்துல ஏன் அப்படிச் சுத்திப் போனீங்க? அவ்ளோ அழகா இருந்துச்சு!"

"அங்கன பீரோல்லா நிக்குது பாப்பா" என்றாள் பொன்னம்மாள்.

ஜ்யோத்ஸ்னாவுக்குக் கண் கலங்கியது. கெட்ட பெண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவள் சொன்னது இதுதான்: "இன்னொரு டேக் போலாமா? க்ளோஸ்ல?"

இன்னொன்று போனார்கள். அப்புறம் ஒரு விமானம் சத்தம் போட்டுக்கொண்டு போனதால் இன்னொன்று. அப்புறம் காமிரா பேட்டரி. பொன்னம்மாள் ஒவ்வொரு தடவையும் இஸ்மாயிலிடம் மணி கேட்டாள். கேட்டாளே தவிர, போகிறேன் என்று துடைப்பத்தைக் கீழே போடவில்லை. அந்த வீட்டு வேலையில் பழகிய உடம்பு. ஒரு வேலை முடியாமல் அடுத்ததற்குப் போகக் கால் வராது.

பதினொன்றே முக்காலுக்கு மகள் அம்பிகா போன் செய்தாள்.

"அம்மா, எங்கம்மா இருக்க? 206-ஐக் கூப்ட்டுட்டாங்க! அப்பா வேற ஒண்ணும் பேசாம உக்காந்திருக்காங்க, எனக்கு டென்ஷனா இருக்கு. ஜல்தி வா!"

பொன்னம்மாள் துடைப்பத்தோடு ஜ்யோத்ஸ்னா முன்னால் போய் நின்றாள். "பாப்பா, எங்க நம்பரக் கூப்புடப் போறாகளாம்! குடுங்க பாப்பா!"

ஜ்யோத்ஸ்னா அப்போதுதான் பதறிப்போய்க் காருக்கு ஓடினாள். ஹார்ட் டிஸ்க்கைத் தேடி, காட்சியைத் தேடி, பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பதற்குள் பத்து நிமிடம் போயிற்று. முகம் கழுவத் தண்ணீர் வண்டி இன்னும் வரவில்லை. பொன்னம்மாள் முந்தானையால் தேய்த்துப் பார்த்தாள். எண்ணெயில் குழைத்த சாம்பல் இன்னும் நன்றாக அப்பிக்கொண்டது.

"விடுங்க, இஸ்மாயில் பாய் பைக்ல கொண்டுபோய் விடுவாரு. நீங்க ஆபீஸர்கிட்ட வீடியோவைக் காட்டினா போதும். அதுல எல்லாம் கிளியரா இருக்கு" என்றாள் ஜ்யோத்ஸ்னா. "ஒண்ணும் பயப்படாதீங்க."

கோணியை மட்டும் உருவிப் போட்டுவிட்டு, கிழிந்த சேலையும் சாம்பல் முகமுமாகப் பொன்னம்மாள் பைக்கில் ஏறினாள். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த ஒரு குழந்தை அவளைப் பார்த்து அழுதது.

* * *

சர்க்கார் ஆபீஸ்கள் நிறைந்த ஐ.டி.ஓ. பக்கத்தில் ஒரு பழைய கட்டடம், மூன்றாவது மாடி. வாசலில் காவல்காரர் தடியை நீட்டி மறித்தார். பிச்சைக்காரர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார்.

"பிச்சக்காரி இல்ல சாப், கேஸு, 214" என்று பொன்னம்மாள் தமிழும் ஹிந்தியுமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அம்பிகா படியிறங்கி ஓடிவந்தாள். தாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஹாய் ராம்! என்னம்மா இது, மூஞ்சில?"

"பேச நேரமில்லட்டி. குச்சி கொண்டாந்துட்டேன். வா."

கருப்பசாமி வராந்தா பெஞ்சில் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தெட்டு வயது. கொத்தனாருக்குக் கையாளாக இருந்து, இந்த ஊரில் எத்தனையோ பேர் வீட்டுக்குக் கல் சுமந்தவன். பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"இந்தக் கோலத்துலயா வருவ?"

"தண்ணி இல்லங்க. நேரமும் இல்ல. நான் என்ன செய்ய?"

அவன் பதில் சொல்வதற்குள் 214 என்று கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி சுரேஷ்குமார். மஃப்ளர் சுற்றிய கழுத்து, மூக்கடைப்பு, மேஜை மேல் மூன்றடி உயரத்துக்குக் கோப்புகள். கொடுமைக்காரர் அல்ல. காலையிலிருந்து அழுகிற முகங்களாகவே பார்த்து அலுத்துப்போனவர். பொன்னம்மாள் உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"இது என்ன நாடகம்?" என்றார் ஹிந்தியில். "பார்த்ததும் மனசு இளகட்டும் என்று சாம்பல் பூசிக்கொண்டு வந்தாயா?"

"நஹி சாப், ஷூட்டிங்கு..." என்று ஆரம்பித்த பொன்னம்மாளின் கையை அம்பிகா அழுத்தினாள்.

"சார், எங்களிடம் ஆதாரம் இருக்கிறது" என்று நல்ல ஹிந்தியில் சொல்லி, அம்பிகா பென் டிரைவை நீட்டினாள். குமாஸ்தா அதைக் கம்ப்யூட்டரில் செருகி, காட்சியை நடுவிலிருந்து ஓட்டினார்.

திரையில் சந்து வந்தது. நீலக் கதவு. கதவில் 214. வாசலில் போட்டிருந்த சிக்குக் கோலம், பச்சை வாளி, கொடியில் அம்பிகாவின் சுடிதார். கருப்பசாமி தன்னை மறந்து மேஜை வரைக்கும் வந்து குனிந்து பார்த்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "நம்ம வீடு சாப்" என்றான் மெதுவாக. "அந்தக் கதவு நெலைய நான் வச்சேன்."

சுரேஷ்குமாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "முதலிலிருந்து போடு" என்றார் குமாஸ்தாவிடம்.

முதலிலிருந்து போட்டார். ஒரு கை குறுக்கே வந்து கிளாப் பலகையை டப்பென்று அடித்தது. ஜ்யோத்ஸ்னாவின் குரல் கணீரென்று கேட்டது. "ஆக்‌ஷன்! பொன்னம்மா, உங்க வீட்டுலேர்ந்து வெளிய வாங்க. ரெண்டு ஸ்டெப் மெதுவா. குட்!"

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இது சினிமா."

"சினிமாதான் சார், ஆனால் வீடு நிஜம்" என்றாள் அம்பிகா.

"பெண்ணே, படத்தில் உன் அம்மா அரண்மனையிலிருந்து வெளியே வந்தால், அரண்மனையைக் கொடுத்துவிட முடியுமா? இவள் நடிகை. இப்போதுகூட மேக்கப்பைக் கலைக்காமல் வந்து நிற்கிறாள். நான் இதை எப்படிச் சாட்சி என்று எழுதுவேன், சொல்."

கருப்பசாமி மேஜையிலிருந்து ஒரு அடி பின்னால் வந்தான். பொன்னம்மாளின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

சுரேஷ்குமார் கோப்பைப் புரட்டி, பிளாஸ்டிக் உறையோடு ஒரு தாளை எடுத்தார். பச்சை மைக் கையெழுத்து. "இதுதான் தடை. இதில் கையெழுத்துப் போட்ட ஆபீஸர் உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கார் சாப்! மயூர் விஹார்ல இருக்கார்!" என்றாள் பொன்னம்மாள்.

"அவர் வந்து, இவர்கள் என் பின்கட்டில் குடியிருந்ததே இல்லை, கடிதத்துக்காக மட்டும் முகவரி கொடுத்தேன் என்று எழுதித் தரட்டும். நான் பெயரைச் சேர்த்துவிடுகிறேன். மூன்று மணி வரைக்கும் இருப்பேன்."

வராந்தாவுக்கு வந்ததும் அம்பிகா போனைப் போட்டாள். சார் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். விஷயத்தைக் கேட்டார். "அடடா, இவ்வளவுதானே? சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்குக் கிளம்பறேன்மா. அம்மாவைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு" என்றார்.

பொன்னம்மாளுக்குக் கை இரண்டும் தானாகக் குவிந்தன. "பாத்தீகளா? ஒரு வார்த்த மறுப்பு சொன்னாகளா? அவுக மனுசருங்க!"

கருப்பசாமி பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்பிகா கீழே போய் வாங்கிவந்த ரொட்டியை மூன்று பேரும் பிய்த்துத் தின்றார்கள். நரேலாவிலிருந்து கல்லூரிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று அம்பிகா கணக்குப் போட்டாள். ரொம்ப தூரம், பரவாயில்லை என்றாள். அந்த இரண்டு மணி நேரம் அவர்கள் மூன்று பேருக்கும் ஒரு வீடு இருந்தது.

* * *

இரண்டரைக்குப் பத்மநாபன் சார் வந்தார். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிற ஸ்வெட்டர், கையில் பழைய தோல் பை. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. "என்ன பொன்னம்மா, பயந்துட்டியா?" என்று கேட்டார். அப்புறம்தான் அவள் முகத்தைக் கவனித்தார். "ஜ்யோத்ஸ்னா வேலையா இது? அந்தப் பொண்ணு இருக்காளே!"

உள்ளே அவருக்கு நாற்காலி போட்டார்கள். பதவியையும் ஓய்வு பெற்ற வருடத்தையும் சொன்னதும் சுரேஷ்குமார் எழுந்து கை கொடுத்தார். டீ சொன்னார். இதெல்லாம் நடக்கும்போது பொன்னம்மாளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"சார், நேரடியாகக் கேட்டுவிடுகிறேன்" என்றார் சுரேஷ்குமார். "இந்தச் சான்றிதழ் உங்களுடையதா?"

"என்னுடையதுதான்."

"கெஸட்டட் அதிகாரி என்ற முறையில் கொடுத்தது. இதில் எழுதியிருப்பது பொய் என்று இப்போது நீங்கள் சொன்னால் நான் பதிவு செய்தாக வேண்டும். ஒரு நகல் உங்கள் பழைய அமைச்சகத்துக்கும் போகும். அது விதி. பென்ஷன் விஷயமாக அவர்கள் ஏதாவது கேட்டால் என்மேல் வருத்தப்படக் கூடாது. சொல்லுங்கள், இவர்கள் உங்கள் பின்கட்டில் வசித்தார்களா, இல்லையா?"

அவர் மிரட்டவில்லை. ஒரு சர்க்கார் ஊழியர் இன்னொரு சர்க்கார் ஊழியருக்கு மரியாதையாக விதியைச் சொன்னார், அவ்வளவுதான்.

பத்மநாபன் சார் கண்ணாடியைக் கழற்றினார். ஸ்வெட்டர் நுனியால் துடைத்தார். முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் ஒரு மெமோ வாங்காதவர். அலுவலகப் பேனாவை வீட்டுக்கு எடுத்துவந்தால்கூட மறுநாள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தவர். வாழ்க்கையில் அவர் எழுதிய ஒரே பொய், ஒரு ஏழைக்கு உபகாரமாக எழுதியது. அது அவர் எதிரே பச்சை மையில் கிடந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பொன்னம்மாள் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

"வசித்தார்கள்" என்றார் ஹிந்தியில். "என் பின்கட்டில்தான் இருந்தார்கள்."

அம்பிகா "சார்!" என்று கத்தினாள். குமாஸ்தா அவளை உஷ் என்றார். கருப்பசாமி அசையவில்லை. அவன் கழுத்து நரம்பு மட்டும் புடைத்துத் தெரிந்தது.

பொன்னம்மாளுக்கு முதலில் புரியவில்லை. சார் ஹிந்தியில் தடுமாறிவிட்டார், இப்போது திருத்திச் சொல்லிவிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தாள். அவர் திருத்தவில்லை. டீ வந்தது. அவர் அதை எடுத்ததில் மேஜையில் கொஞ்சம் சிந்தியது.

சுரேஷ்குமார் இத்தனையையும் பார்த்தார். அவருக்கு என்னவோ தோன்றியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தவர் அதை வைத்துவிட்டு, பொன்னம்மாளை நேராகக் கேட்டார்.

"இவர் சொல்வது உண்மையா? நீ சொல். பயப்படாமல் சொல். பொய் என்றால் பொய் என்று சொல், நான் இன்னொரு தேதி போட்டு விசாரிக்கிறேன்."

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சார் மட்டும் சிந்திய டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் என்று ஒரு சொல். அந்தச் சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் அம்பிகாவுக்கு மஞ்சள் காமாலை கண்ட ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்த மனிதர் நின்றது நினைவுக்கு வந்தது. ஜ்யோத்ஸ்னா பாப்பா தலை வாரிக்கொள்ள மாட்டேன் என்று இவளைக் கட்டிக்கொண்டு அழுதது வந்தது. எழுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கிறவரின் பென்ஷனை ஒரு வேலைக்காரி வாயால் நிறுத்துவதா? இதெல்லாம் நியாயம்தானா, தன் பெண்ணின் தலைக்குமேல் கூரை வேண்டாமா என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நினைத்தாள். ஆனால் பதினேழு வருடமாக அந்தக் குடும்பம் கேட்ட எதற்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத வாய், நினைப்புக்கு முந்திக்கொண்டது.

"ஹாஞ்ஜி" என்றாள்.

"சத்தமாகச் சொல்."

"ஹாஞ்ஜி சாப். அங்கதான் இருந்தோம்."

சுரேஷ்குமார் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு நாலு வரி எழுதினார். அவளைக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மைப் பெட்டியே தேவைப்படவில்லை என்று குமாஸ்தா சிரித்தார். விரலில் இருந்த சாம்பல் எண்ணெயே போதுமானதாக இருந்தது. மேல்முறையீடு தள்ளுபடி.

வெளியே வந்த பத்மநாபன் சார் வராந்தாவில் ஒரு நிமிடம் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பொன்னம்மா, நான்..." என்றார். அப்புறம், "நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம், ரெஸ்ட் எடுத்துக்கோ" என்றார். மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

அம்பிகா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ஏம்மா? அவர் பொய் சொன்னார், சரி. நீ ஏம்மா சொன்ன? ஒரே ஒரு தடவ, எனக்காக, நஹின்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

பொன்னம்மாள் மகள் தோளைத் தொடப் போனாள். அம்பிகா தோளை விலக்கிக்கொண்டாள்.

கருப்பசாமி படியிறங்கிக்கொண்டிருந்தான். பொன்னம்மாள் பின்னாலேயே ஓடினாள். ரோட்டுக்கு வந்துதான் அவனைப் பிடிக்க முடிந்தது.

"ஏங்க, நில்லுங்க. நான் வேணும்னு சொல்லலங்க. வாயில வந்துருச்சு. அடிங்க, வையிங்க, ஏதாச்சும் பேசுங்க!"

அவன் நின்றான். அடிக்கவில்லை, வையவும் இல்லை. அவள் முகத்தை இன்றைக்கு முதல்முறையாக நிதானமாகப் பார்த்தான்.

"நம்ம அவுக பின்கட்டுலதான இருக்கோம்? நீ கைநாட்டு வச்சுட்டியே. அப்ப அவுக வீட்டுக்குத்தான நான் போவணும்?"

சொல்லிவிட்டு, அப்போது வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டான். கதவு மூடிக்கொண்டது. பொன்னம்மாளுக்குப் போர்டு படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பஸ்ஸைத் தெரியும். லக்ஷ்மிபாய் நகரை விட்டுச் சார் குடும்பம் மயூர் விஹாருக்குப் போன நாளிலிருந்து, தினமும் அவள் வேலைக்கு ஏறிப் போகிற பஸ் அது.

"ஏங்க! வேணாங்க!" என்று கத்திக்கொண்டே அவள் பஸ்ஸின் பின்னால் ஓடினாள். சாம்பல் முகத்தோடு நடுரோட்டில் ஓடிவரும் பெண்ணுக்கு வண்டிகள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயின. ஒரு ஆள் செல்போனில் படம் பிடித்தான். மயூர் விஹார் வீட்டில் சாரின் சம்சாரம், மாமி, இந்நேரம் தனியாக இருப்பாள். சார் டாக்ஸியில் போய்ச் சேர அரை மணி ஆகும். பஸ்ஸும் ஏறக்குறைய அதே நேரத்துக்குத்தான் போய்ச் சேரும்.